பன்னிரண்டோடு நின்ற லிஃப்ட்

லா பாஸ் நகரத்துப் பிராதோ சாலையில் தோன் எவரிஸ்தோ கட்டிய அலுவலகக் கட்டிடத்துக்குப் பதினான்கு மாடி. லிஃப்ட் போனதோ பன்னிரண்டு வரைக்கும்தான். கட்டிட வாசலில் கறி அடைத்துச் சுட்ட சால்தேனா விற்கிறவள் நான். கறிச்சாறு சட்டையில் சொட்டாமல் அதைத் தின்னத் தெரிந்தவர்கள் என் வாடிக்கை. சொட்டவிட்டுக்கொள்கிறவர்களும்தான். எல்லாருக்கும் நான் 'காசேரா', அதாவது கடைக்காரம்மா.

அஸ்திவாரம் தோண்டியபோது போட்ட திட்டமே பன்னிரண்டு மாடிக்குத்தான். சடங்குக்கு வந்த பெரியவர் சில்வேரியோ, உலர்ந்த லாமாக் குட்டியைக் குழியில் புதைத்து, சாராயம் தெளித்து, பூமித்தாயிடம் பன்னிரண்டுக்கு உத்தரவு வாங்கினார். அப்புறம் தோன் எவரிஸ்தோவுக்கு ஆசை வந்து இன்னும் இரண்டை ஏற்றிவிட்டார்.

"நகராட்சியே அனுமதி குடுத்தாச்சு, பெரியவரே!"

"உங்க கட்டிடத்த நகராட்சியா சுமக்குது?"

லிஃப்ட் மாட்டினார்கள். பன்னிரண்டில் முனகிக்கொண்டு நின்றுவிட்டது. "பன்னிரண்டு மாடி மோட்டார வாங்கி வெச்சுக்கிட்டு பதினாலுக்கு ஏறுன்னா எப்படி ஏறும்?" என்றான் கம்பெனிக்காரன். அவன் பேச்சை யார் கேட்டார்கள்?

பதின்மூன்றாம் மாடிக்குக் குடிவந்தவர் பல் டாக்டர் காசில்தா. ஒரு நாள் என்னிடம் வந்து நின்றார்.

"எப்படிப் போகுது, டாக்டரம்மா?"

"வாயத் திறங்கன்னு நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல, காசேரா. இந்த மலை ஊர்ல ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்கி, பொளந்த வாயோடதான் உள்ளயே வர்றாங்க. கொஞ்சம் உக்காந்ததும் 'வலி போயிடுச்சு'ன்னு எறங்கிடறாங்க. ஈஸ்டருக்குள்ள லிஃப்ட் வரலன்னா கிளினிக்க மூடிட்டு ஓரூரோவுக்குப் போயிடுவேன்."

பத்தாம் மாடியில் இருந்த தோன் எவரிஸ்தோவிடமும் போய்க் கேட்டிருக்கிறார்.

"எனக்கு லிஃப்ட் நல்லாத்தானே வருது?"

"எனக்கு வரலையே!"

"பூமித்தாய் கோவம். நான் என்ன பண்றது? நீங்களே போய் உத்தரவு கேளுங்க."

டாக்டரம்மாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் கிளினிக் காலியாகக் கிடந்தது. கார்னிவல் செவ்வாய்க்கிழமை, ஊரே மண்ணுக்கு மது வார்க்கிற நாளில், சில்வேரியோவைக் கூட்டிவந்தார்.

"எங்க ஊத்தணும்?"

"மண்ணுலதான்."

"இங்க எல்லாம் சிமெண்டாச்சே!"

"லிஃப்ட் குழி அடியில மட்டும் சிமெண்ட் போட விடல நான். அங்கதான் புதைச்சது."

செய்தி பரவி மாடிக்கு மாடி ஆட்கள் பீர் பெட்டியோடு இறங்கினார்கள். பன்னிரண்டாம் மாடிக்காரர்கள் பேண்டு வாத்தியமே வைத்துவிட்டார்கள். லிஃப்ட்டை மேலே அனுப்பிவிட்டு, கீழ்க் கதவைத் திறந்து, "பதிமூணு, பதினாலுக்கும் உத்தரவு குடு தாயே!" என்று கவிழ்த்தார்கள். நுரை வாசற்படி வரைக்கும் பொங்கியது. டப்பென்று ஒரு சத்தம். புகை. விளக்கு போயிற்று. லிஃப்ட் பன்னிரண்டிலேயே உயிரை விட்டது.

வாத்தியம் நின்றது.

"என்ன சொல்றா, பெரியவரே?" என்று கேட்டேன்.

சில்வேரியோ குழியை எட்டிப் பார்த்தார். "எடுத்துக்கிட்டா," என்றார்.

மறுநாள் எல்லாருக்கும் நடைதான். தோன் எவரிஸ்தோ நாலாவது மாடியில் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்து நின்றார். மேலிருந்து இறங்கிவந்த டாக்டரம்மா குனிந்து உள்ளே பார்த்தார்.

"கடைவாய்ல ரெண்டு சொத்தை. மேல வாங்க, பிடுங்கிடலாம்."

"மேலயா!" அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "அம்மா, எந்தக் கம்பெனி லிஃப்ட் வேணும்னு சொல்லுங்க."

ஈஸ்டருக்கு முன்பே புது லிஃப்ட் வந்துவிட்டது. பதினான்கு வரைக்கும் ஏறியது. மோட்டார்தான் காரணம் என்றான் கம்பெனிக்காரன். சில்வேரியோ என்னிடம் இரண்டு சால்தேனா ஓசியில் வாங்கிக்கொண்டார்.

அன்று நானும் முதல்முறையாகப் பதின்மூன்றுக்குப் போனேன். தோன் எவரிஸ்தோ நாற்காலியில் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாயத் திறங்க," என்றார் டாக்டரம்மா.

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"திறங்கன்னேன்ல!" என்று அதட்டிவிட்டு, என் பக்கம் திரும்பி முகமெல்லாம் சிரித்தார். "பாத்தீங்களா காசேரா, மூடின வாயோட ஒருத்தர் வந்திருக்கார்!"