அமுதவல்லியின் பதிவு எண்

கோயில் திருப்பணிக் கூட்டம் முடிகிற நேரத்தில் யாரோ கைப்பேசியில் அந்தப் பாட்டை வைத்தார்கள். கல்யாணி ராகம். பெண் குரல் ஏறி நிற்க, புல்லாங்குழல் அதைத் தொட்டுத் தொட்டு வந்தது. கூட்டம் வாய் பேசாமல் கேட்டது.

"சென்றாயன் பொண்டாட்டி என்னமா பாடியிருக்கா!" என்றார் ஒருவர்.

மாயவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். பாடியவள் அமுதவல்லி, அவருடைய கூடப் பிறந்த தங்கை. சேலத்திலிருந்து பாகவதரை வரவழைத்து, வீட்டோடு வைத்துச் சோறு போட்டு, அவளுக்குப் பாட்டுச் சொல்லிவைத்தவர் அவர்களுடைய அப்பா மாது. இண்டூரில் நிமிர்ந்து நடந்த மனிதர். அவர் வீட்டுப் பாட்டுக்கு இன்று எவன் பேர்!

வேறு சாதிக்காரனான குழல்காரன் சென்றாயனோடு அவள் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்பா அன்று படுத்தவர்தான், எழுந்திருக்கவில்லை. மாயவன் ஊரைக் கூட்டி, உயிரோடு இருந்தவளுக்குக் கருமாதி செய்து தலைமுழுகினார். அவள் நிஜமாகவே செத்தது போன ஆனியில். ஆள் வந்து சொல்லியும் அவர் போகவில்லை. ஒருத்திக்கு இரண்டு முறை காரியம் செய்வதில்லை.

மகன் அருண்குமார்தான் விஷயத்தை விளக்கினான். "அவங்க பொண்ணு சுகுணா நெட்ல ஏத்தியிருக்குதுப்பா. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி.ன்னு ஒரு நம்பர் வாங்கணும். அந்த நம்பரோட எந்தப் பேரு சேந்திருக்குதோ, அதுதான் உலகம் பூரா போவும்."

"அதுல என்ன பேரு இருக்குது?"

"அமுதவல்லி சென்றாயன். குழல், சென்றாயன்."

மறுநாளே சுகுணா இருக்கிற அரூருக்கு பஸ் ஏறினார்.

கதவைத் திறந்தவளுக்குத் தங்கையின் அதே நெற்றி. "நான் இண்டூர் மாயவன்" என்றார்.

"தெரியுதுங்க. வாங்க மாமா. காப்பி போடட்டுமா?"

"தண்ணிகூட வேண்டாம்." உட்காராமலே சொன்னார். "அந்த நம்பர்ல பேரை மாத்தணும். 'இண்டூர் மாது மகள் அமுதவல்லி'ன்னு இருக்கணும். குழல்காரன் பேரை எடுத்துரு."

சுகுணா சிரித்துவிட்டாள். "பாதிப் பாட்டை அவருதானுங்களே வாசிச்சாரு? எடுத்துட்டா அந்த எடத்துல நீங்க வந்து வாசிப்பீங்களா?"

"வாய் நீளுது."

"கோவிச்சுக்காதீங்க. அந்த நம்பர் ஒலிப்பதிவோடது, குடும்பத்தோடது இல்லீங்க. பதியறப்ப யாரு இருந்தாங்களோ அவங்க பேருதான் போடணும். இதே அரூர்ல, ஒரு வாடகை ரூமுல, சன்னலுக்குப் போர்வையைக் கட்டிட்டு அவங்க ரெண்டு பேரும் பதிஞ்சது. உங்களுக்கு அப்ப எங்கம்மா செத்துட்டாங்க. செத்தவ பாடுனதுக்கு உங்க வூட்டுப் பேரை எப்படிப் போடறது?"

"ஆள் வெச்சுச் சொல்லிக் குடுத்தது எங்கப்பன்."

"அதை நான் இல்லைங்கலையே." அவள் குரல் தணிந்தது. "ஒண்ணு செய்யலாம் மாமா. ஒரே பாட்டைப் பத்துத் தடவை பாடிப் பதிஞ்சாலும் பத்துக்கும் தனித்தனி நம்பர்தான். கல்யாணத்துக்கு முந்தி உங்க வூட்டுலயே பாடி டேப்புல புடிச்சாங்களாம். தாத்தாவே தாளம் போடுவாராம், அம்மா சொல்லிச் சொல்லி அழும். அந்தக் கேசட்டைக் கொண்டாங்க. இரைச்சலை எடுத்துச் சுத்தம் பண்ணித் தர்றேன். அதுக்குன்னு புது நம்பர் வாங்கி, 'மாது மகள்'னே போடுவோம். அதுல குழலே இல்லையே. நான் குறுக்க நிக்க மாட்டேன்."



செத்தவள் பொருள் எதுவும் வீட்டில் தங்கக் கூடாது என்று, கருமாதியன்று மாயவன் தன் கையாலேயே எல்லாவற்றையும் களத்தில் போட்டுக் கொளுத்தியிருந்தார். துணிமணி, தம்பூரா, பெட்டி நிறையக் கேசட்டுகள். நாடா புழுவாகச் சுருண்டு எரிந்தது. அந்த நாற்றம் மழை பெய்கிற வரைக்கும் களத்தை விட்டுப் போகவில்லை.

"இருக்குதுங்களா?"

"எங்க வூட்டுல அவ சாமான் கிடையாது."

"ஒண்ணுகூடவா?"

"கிடையாதுன்னா கிடையாது."

அவரையே பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு ஏதோ புரிந்துபோயிற்று. "அப்ப அம்மா குரல் எங்க வூட்டுல மட்டுந்தான் இருக்குது" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பார்.

ஊர் சபையில் செய்த காரியத்தைத் தப்பென்று அந்த வீட்டு வாசலில் நின்று சொல்வதற்கு அவர் பிறக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். பேருந்தில் வரும்போது, அப்பா தொடையில் தாளம் போடுகிற சத்தத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். தங்கையின் குரல் வந்தது. அதன் பின்னாலேயே குழலும் வந்தது.

மனைவி முனியம்மாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "பேரை மாத்தித் தர்றாளாமா?"

"பழைய கேசட்டைக் கேக்கறா. அது இருந்தா அப்பன் பேரு போடலாமாம்."

முனியம்மாளின் கை கரண்டியோடு நின்றது. "மாமனார் தாளம் போட்ட ஒண்ணையாச்சும் விட்டுவைங்கன்னு அன்னிக்கே கையைப் புடிச்சேன். வாயை மூடுன்னீங்க."

"இப்பவும் அதான் சொல்றேன். வாயை மூடு."

அவள் மூடிக்கொண்டாள். ரசம் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.