பொத்தானுக்கும் போர்டுக்கும் நடுவே

1

உலகில் இன்றுவரை ஒரு கணினிகூடச் செத்ததில்லை. இதை முழுப் பொறுப்புடன் அறிவிக்கிறேன். சாவது ஒயர், சுவிட்சு, சில சமயம் உள்ளே குடியிருக்கும் பல்லி. கணினி வெறுமனே காத்திருக்கிறது. கோளாறைக் கண்டுபிடிக்கத் துப்பில்லாத மெக்கானிக்குகள்தான் "போர்டு போச்சு", "பார்ட் வரணும்" என்று ஆளை அலையவிடுகிறார்கள். அவர்களை நான் மனிதரில் மூன்றாம் ரகமாக வைத்திருக்கிறேன். (இரண்டாம் ரகம், கதையின் முடிவை வாசகர் தலையில் கட்டிவிட்டு நழுவும் எழுத்தாளர்கள். முதல் ரகம் காலியாக இருக்கிறது. நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை.)

இந்தக் கதை பிறந்த விதத்தை ஒளிக்கப் போவதில்லை. எனக்கு ஒரு பதில் வேண்டியிருக்கிறது. யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. எழுதினால் வருமா என்று பார்க்கிறேன்.

கதாநாயகனுக்கு விடுதியில் 'டாக்டர்' என்று பட்டப்பெயர். படிப்பது வணிகவியல், எழுப்பியது பதினொரு கணினிகள். டாக்டர் நான் அல்ல. அவன் என்னைவிட உயரம். குறித்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த

(மழை பெய்யவில்லை. நல்ல வெயில்.)

இரண்டாம் தொடக்கம்: அந்த அறையில் மௌனம் ஒரு

(வேண்டாம். கல்லூரி மலர்க் கவிதைகளிலேயே இவ்வருடத்துக்கான மௌனம் தீர்ந்துவிட்டது.)

மூன்றாம் தொடக்கம்: ஞாயிறு மதியம் பெரியம்மா கதவைத் திறந்தபோது டாக்டரின் கையில் ஒரு ஸ்க்ரூடிரைவரும் முகத்தில் கிலோக் கணக்கில் திமிரும் இருந்தன.

இது உண்மை. இருக்கட்டும்.

"வாப்பா. சாப்பிட்டியா?"

"அதெல்லாம் அப்புறம் பெரியம்மா. அஞ்சே நிமிஷம். பேஷண்ட் எங்க?"

பெரியம்மா சிரிக்கவில்லை. "அவன் ரூம்லதான்."

'அவன்' என்றால் அண்ணன். பெரியம்மாவின் ஒரே மகன், டியூஷன் சென்டரில் கணக்கு வாத்தியார். ஏழு மாதத்துக்கு முன் அவன் தெருமுனையில் வண்டியைத் திருப்பும்போது எதிரே ஒரு லாரி வந்தது. இந்த வாக்கியத்தை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கிலும் லாரி நிற்கவில்லை.

அவன் மாணவர்களுக்காக வடிவியல் பாடங்களைத் தன் குரலில் பதிவு செய்து வைத்திருந்தான். மொத்தம் நாற்பத்தொன்று. எல்லாம் இந்தக் கணினிக்குள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய பெரியம்மாவுக்கு இப்போது இருசமபக்க முக்கோணத்தின் குணாதிசயங்கள் அனைத்தும் தலைகீழ்ப் பாடம்.

"பதினேழாவது பாடத்துல என்னைக் கூப்பிடுவான்பா," என்றார் பெரியம்மா. "நடுவுல நிறுத்திட்டு, 'அம்மா, கதவைச் சாத்தும்மா, ரெக்கார்டிங் போகுது'ம்பான். எட்டு நாளா அதைக் கேக்க முடியல. எத்தனை தடவை அமுக்கினாலும் உயிரே வரல."

பெரியப்பா அறை வாசலில் நின்றிருந்தார். முப்பது வருடமாக லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசமாட்டார். "பழைய பெட்டிடா. அதோட ஆயுசு அவ்வளவுதான். விட்டுடு."

"பெரியப்பா, நீங்க லிஃப்ட்டைப் பாருங்க. இது என் டிபார்ட்மெண்ட்."

3

கணினி உயிர் பெறாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். கதை பிடிக்காதவர்களுக்கு இந்தப் பகுதியாவது உதவட்டும்.

சுவரிலிருந்து தொடங்க வேண்டும். டாக்டர் தன் போன் சார்ஜரைச் செருகிப் பார்த்தான், மின்சாரம் இருந்தது. மானிட்டரின் கேபிளைக் கழற்றி சி.பி.யு. பெட்டிக்குப் போட்டான், கேபிளிலும் குற்றமில்லை. பெட்டியின் பின்னால் உள்ள சின்ன சுவிட்சைப் பார்த்தான். பாதி நோயாளிகள் அங்கேயே குணமாகிவிடுவார்கள். அதுவும் போட்டுத்தான் இருந்தது. பட்டனை அமுக்கினான். ஒன்றுமில்லை.

பக்கத் தகட்டைக் கழற்றினான். போர்டின் மூலையில் பச்சை விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதாவது போர்டுக்கு உயிர் இருக்கிறது. அமுக்கிய செய்திதான் அதற்குப் போய்ச் சேரவில்லை. அப்படியானால் கோளாறு பொத்தானுக்கும் போர்டுக்கும் நடுவே.

அங்கே இரண்டு மெல்லிய ஒயர்கள் ஒன்றாக வந்து போர்டில் ஊசிபோல் நிற்கும் இரண்டு பின்களில் உட்கார வேண்டும். உட்காரவில்லை. பின்கள் மொட்டையாக நின்றன. ஒயர்களின் நுனி கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றப்பட்டு, இரும்புச் சட்டத்துக்குப் பின்னால் மடித்துச் செருகப்பட்டிருந்தது.

எலி டேப் சுற்றாது.

4

ஸ்க்ரூடிரைவர் நுனியால் அந்த இரண்டு பின்களையும் ஒருசேரத் தொட்டால் போதும், பொத்தானே தேவையில்லை. டாக்டர் பழக்க தோஷத்தில் தொட்டுவிட்டான். உள்ளே ஃபேன் 'விர்'ரென்று சுழன்றது. பன்னிரண்டாவது கணினி.

அப்போதுதான் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

கேபிளைப் பிடுங்கினான்.

"சத்தம் வந்துச்சே!" சமையலறையிலிருந்து பெரியம்மா ஓடிவந்தார். கையெல்லாம் மாவு. "வந்துச்சா? ஆன் ஆயிடுச்சா?"

"இல்ல பெரியம்மா. மேல ஃபேன் சத்தம்."

மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே ஃபேன் ஓடவில்லை.

"இப்பதான் நிறுத்தினேன்," என்றார் பெரியப்பா.

பெரியம்மா இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனார்.

5

பெரியப்பா என்கிற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முதல் வரைவில் அவரை வில்லனாக எழுதியிருந்தேன். பெற்ற பிள்ளையின் குரலைப் பெற்றவளிடமிருந்து பறிக்கும் கல்நெஞ்சர். பக்கம் நன்றாகத்தான் வந்திருந்தது. அந்த டேப்தான் கெடுத்தது. அதன் கடைசி நுனியை அவர் உட்பக்கமாகச் சின்னதாக மடித்து விட்டிருந்தார். திரும்பப் பிரிக்க வேண்டிய இடத்தில் மட்டுமே தொழில் தெரிந்தவர்கள் அப்படி மடிப்பார்கள், நகத்துக்குப் பிடி கிடைப்பதற்காக.

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"அவன் கதவைச் சாத்துன்னு சொல்றான்ல? இவ எந்திரிச்சுப் போய்ச் சாத்துறாடா. வந்து உக்காந்து மறுபடி போடுறா. மறுபடி சொல்றான். சாத்தின கதவைத் திறந்து வச்சுட்டு, மறுபடி சாத்துறா. ஒரு நாள் லீவு போட்டு எண்ணினேன். நாப்பத்தாறு தடவை. சோறு இல்ல, தண்ணி இல்ல."

"டாக்டர்கிட்ட..." என்றான் டாக்டர்.

"போனோம். மாத்திரை குடுத்தாங்க. மாத்திரையப் போட்டுட்டு எந்திரிச்சுப் போய்ச் சாத்துறா." அவர் ஒயரைப் பார்த்தார். "இந்த எட்டு நாள்ல ரெண்டு தடவை அவளே சமைச்சா. இன்னைக்கு நீ வரேன்னதும் மாவு பெசையுறா. எனக்குத் தப்பு எது சரி எதுன்னு தெரியலடா. நீ படிச்சவன், சொல்லு."

வணிகவியலில் இதற்குப் பாடம் இல்லை.

6

முடிவுகள்.

(அ) ஒயரை மாட்டிவிடுகிறான். பதினேழாம் பாடம் ஒலிக்கிறது. பெரியம்மா முகம் மலர்கிறது. அவர் எழுந்து கதவுக்குப் போகிறார். இந்த முடிவில் அவர் எப்போது உட்காருவார் என்று எனக்குத் தெரியவில்லை.

(ஆ) உண்மையைச் சொல்கிறான். பெரியம்மா பெரியப்பாவிடம் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அந்த வீட்டில் மிச்சமிருப்பதே இரண்டு பேர்தான்.

(இ) "அந்த ஒரு வரியை மட்டும் போனில் ஏற்றிக் கொடுத்துவிடலாமே?" என்று கேட்கும் கெட்டிக்கார வாசகருக்கு: கொடுக்கலாம். அப்புறம் பஸ்ஸிலும் கதவு இருக்கிறது.

(ஈ) நடந்தது. டாக்டர் எல்லா ஒயர்களையும் பிடுங்கிவிட்டு, "பெரியம்மா, விடுதிக்கு எடுத்துட்டுப் போய்ப் பாக்கறேன்," என்றான். பெரியம்மா மறுக்கவில்லை. அண்ணனின் போர்வையைக் கொண்டுவந்து பெட்டியைச் சுற்றி, வண்டியில் வைத்துக் கட்டும்வரை கூடவே நின்றார்.

"அவன் குரலுக்கு ஒண்ணும் ஆயிருக்காதுல்ல?"

"ஒண்ணும் ஆகாது பெரியம்மா."

"சரி. ஓரமாப் போப்பா. லாரி வரும்."

7

இது நான்காம் நாள். பெட்டி என் மேஜைக்கு அடியில் இருக்கிறது. (உயரத்தைப் பற்றிச் சொன்னதை அடித்துவிடுங்கள்.) டேப்பைப் பிரித்து ஒயரை மாட்டிவிட்டேன், நகத்துக்கு உடனே பிடி கிடைத்தது. அருமையாக ஓடுகிறது. முதல் பாடத்திலிருந்து பதினாறாம் பாடம்வரை கேட்டேன். அண்ணன் நல்ல வாத்தியார். அதற்கு மேல் போகவில்லை.

பெரியப்பா நேற்று போனில் கூப்பிட்டு, பெரியம்மா ஒரு வேளை சாப்பிட்டதாகச் சொன்னார். எந்த வேளை என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பெரியம்மா தினமும் காலையில் கூப்பிடுகிறார். முதல் மூன்று நாள் வகுப்பில் இருப்பதாகச் சொல்லித் தப்பித்தேன். இன்று விடுமுறை என்று அவருக்கும் தெரியும்.

"என்னப்பா ஆச்சு? பாத்தியா?"

"பாத்தேன் பெரியம்மா."

"என்னவாம்?"

"ஒரு பார்ட் வரணும் பெரியம்மா."

"வந்தா சரியாயிடுமா?"

"ஆயிடும்."

"எப்ப வரும்?"

அவர் காத்திருக்கிறார். ஏதாவது ஒரு நாளைச் சொல்லியாக வேண்டும். நான் இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் நிரப்புங்கள், கொஞ்சம் யோசித்து நிரப்புங்கள், அவர் அதைக் காலண்டரில் குறித்துக்கொள்வார்.

"..................... வந்துடும் பெரியம்மா."