ஆண்டு மலரின் ஏழாம் பக்கம்

“ஊரிலை நீங்கள் எவடம்?” என்று நான் கேட்டபோது இம்மாகுலேற் மண்டபத் தரையில் சப்பாணி கட்டியிருந்து ஈரக் கயிறொன்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். லண்டன் குட்மேய்ஸில் எங்கள் சீ கடெற் என்ற சிறுவர் கடற்படைப் பிரிவின் பதின்மூன்றாவது தலைவர் அவர். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை முடிந்து வந்து, கடற்படை உடுப்பை மாட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்கு அணிவகுப்பும் படகோட்டமும் பழக்குவார். பத்தொன்பது வருடமாக, சம்பளமில்லாமல். நான் பெற்றோர் கமிட்டியின் செயலாளர், சந்திரவதனா. பிரிவுக்கு எண்பது வயதாகிறது, ஆண்டு மலர் போடுகிறோம். ஏழாம் பக்கத்தில் தலைவரைப் பற்றி எழுதும் வேலையை நானாகக் கையைத் தூக்கிக் கேட்டு வாங்கியிருந்தேன்.

“யாழ்ப்பாணம்,” என்றார்.

“யாழ்ப்பாணத்திலை எவடம்?”

“டவுன் பக்கம்.”

“டவுனிலை எந்தக் கோயிலடி?”

எங்கள் ஆட்கள் சாதி கேட்பதில்லை. நாகரிகமானவர்கள். ஊரைக் கேட்போம், பிறகு கோயிலைக் கேட்போம், அதற்கும் பிடிகொடுக்காவிட்டால் ஒழுங்கையைக் கேட்போம். மிச்சம் தானாக வந்து விழும். இது இம்மாகுலேற்றுக்குத் தெரியாததல்ல. கயிற்றைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“குருநகர். யாகப்பர் கோயிலடி. எங்கடை அப்பாவுக்கு மூண்டு வள்ளம் இருந்தது. எழுதுங்கோ, அக்கா.”

எழுதிக்கொண்டேன். உண்மையில் எனக்கு இது முன்பே தெரியும். லண்டனில் யாருக்கு யாரைத் தெரியாது? நாளைக்கு ஒருவரும் நான் இட்டுக்கட்டினேன் என்று சொல்லக்கூடாது, அதனால் அவர் வாயாலேயே வரவேண்டியிருந்தது.

காரணம் என் மகள் பிரசாந்தினி. பன்னிரண்டு வயதில் அவளைப் பிரிவில் கொண்டுவந்து விட்டபோது வாய் திறக்காத பிள்ளை. கடைக்குப் போனால் என் சட்டைக்குப் பின்னால் ஒளிவாள். அவளை அறுபது பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்தி, கட்டளை சொல்லிக் கத்த வைத்தவர் இம்மாகுலேற்தான். அந்த நன்றி எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் நன்றிக்காக யாரும் பெண் கொடுப்பதில்லை. இருபத்துநாலு வயதில், பிரிவிலேயே பயிற்றுநராக இருக்கும் என் மகள் ஒருநாள் குசினியில் வந்து நின்று, “அம்மா, நானும் கிருஷாந்தும் சீரியஸ். ஆண்டுவிழா முடிஞ்சு அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை அவரின்ரை அம்மா உங்களோடை வந்து கதைப்பா,” என்றாள். கிருஷாந் இம்மாகுலேற்றின் மகன். அவனும் அங்கேதான் பயிற்றுநர். நல்ல பெடியன், நல்ல வேலை, குடிவெறி இல்லை. நான் கோண்டாவில்காரி, தோட்டங்காணிக்காரரின் சாதி. என் பெட்டையைக் கடற்கரைக்குக் கொடுக்கவா இந்தக் குளிருக்குள் முப்பது வருடம் கிடந்தேன் என்றுதான் அந்த நிமிடம் மனதில் வந்தது. வந்ததை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அடுத்த கிழமையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள். மகளை மறித்தால் அவள் ஓடுவாள். ஆனால் அவனுடைய தாயை நோகப்பண்ணினால் அவன் வரமாட்டான். இம்மாகுலேற் ரோசக்காரி என்பது பத்தொன்பது வருடமாகப் பிரிவில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

மலரின் முதல் ஆறு பக்கமும் வரலாறு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒரு தகரக் கொட்டகையில் தொடங்கியது, கொட்டகை எரிந்தது, பிறகொரு காலம் பிள்ளைகள் ஒன்பது பேராகக் குறைந்து மூட இருந்தது, எங்கள் ஆட்கள் இந்தப் பக்கம் குடிவந்த பிறகு வரிசை மறுபடி நீண்டது. பழைய தலைவர்கள் பன்னிரண்டு பேரும் வெள்ளைக்காரர். ஒருவர் தபால்காரர், ஒருவர் பேக்கரி வைத்திருந்தவர், மூன்று பேர் ஆசிரியர்கள். அவர்களுடைய தகப்பன்மார் என்ன தொழில் செய்தார்கள் என்று நான் தேடிப் போகவில்லை.

விழாவன்று பகல் பதினொரு மணிக்கு மண்டபம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் மேயரும் பழைய தலைவர்கள் இரண்டு பேரும். பின்னால் எங்கள் குடும்பங்கள் ஒரு இருபது இருக்கும். நான் மேடையேறி ஏழாம் பக்கத்தை நல்ல இங்கிலீஷில், சிரித்த முகத்தோடு வாசித்தேன். எங்கள் தலைவருக்குப் படகோட்டம் ஒருவரும் கற்றுக்கொடுக்கவில்லை, யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் அவருடைய ஆட்கள் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்தே வாழ்ந்தவர்கள், வலையும் வள்ளமும் அவருடைய இரத்தத்தில் இருக்கின்றன, அதற்கு மேல் அவருக்கு என்ன பயிற்சி வேண்டும்? வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, அதுதான். மேயர் எழும்பி நின்று கைதட்டினார். மலேசியாக்காரரான எங்கள் பொருளாளர் ஷான், “சூப்பர்லா!” என்று சத்தம் போட்டார். என் மகள் கிருஷாந்தின் தோளில் செல்லமாகக் குத்தினாள், அவளுக்கு அது பெருமையாக இருந்தது. பின்வரிசையில் எங்கள் ஆட்கள் மட்டும் கையிலிருந்த மலரைக் குனிந்து பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள்.

இம்மாகுலேற் அணிவகுப்பை ஒரு பிசகில்லாமல் நடத்தி முடித்தார். கேக் வெட்டினார். எல்லாம் முடிந்த பிறகு, வெள்ளைத் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“வடிவா எழுதியிருக்கிறியள், அக்கா. ஒரு பிழையும் இல்லை. எங்கடை அப்பா கடலுக்குப் போனவர்தான், அதிலை எனக்கொரு வெக்கமும் இல்லை.” குரல் தாழவில்லை, உயரவும் இல்லை. “நாளைக்கு நாங்கள் வரேல்லை. உங்கடை வீட்டு வாசலிலை என்ரை பிள்ளை செருப்பைக் கழட்டிப்போட்டுக் கைகட்டி நிக்கிறதை நான் பாக்க மாட்டன்.”

கிருஷாந் ஒரு கிழமைக்குள் வேலையை மாற்றிக்கொண்டு போர்ட்ஸ்மத் பக்கம் போய்விட்டான். என் மகளுக்கு ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. அவள் என் மடியில் படுத்து அழுதாள். நான் தலையைத் தடவிக்கொண்டே, “அவை வேதக்காரர், நாங்கள் சைவக்காரர், பிள்ளை. எங்களை அவைக்குப் பிடிக்கேல்லைப் போலை. நாங்கள் என்ன செய்யிறது?” என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், அதுவும் என் பிள்ளையின் சோற்றில். அவள் என்னை நம்பினாள். தோசை சுட்டுக் கொடுத்தேன், சாப்பிட்டாள். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அந்த மூன்று கிழமையும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அவள் அவ்வளவு எனக்குரியவளாக இருந்ததில்லை.

என் கணவர் இராஜேந்திரன் என்னை எதிர்த்து ஒரு சொல் பேசாதவர். விழாவிலிருந்து திரும்பும்போது காருக்குள் மட்டும், “நீர் செய்தது வடிவில்லை,” என்றார். நான் வானொலியைக் கூட்டிவிட்டேன். அவர் அதை மனதில் வைத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

விழாவுக்குப் பிறகு நாலாவது சனிக்கிழமை றோயல் டொக் படகுத்துறையில் படகுப் பயிற்சி. பிள்ளைகளுக்கு ரோல்ஸும் தேத்தண்ணியும் கொண்டுபோயிருந்தேன். தனியாள் வலிக்கும் படகொன்றைப் பிரசாந்தினி இறக்கிக்கொண்டிருந்தாள். “சாப்பிட்டிட்டுப் போவன், பிள்ளை,” என்றேன். அவள் உயிர்காப்பு அங்கியின் வாரை இறுக்கிக்கொண்டே, “அப்பா எனக்கு எல்லாம் சொன்னவர்,” என்றாள். அழவில்லை. படகில் ஏறிக் கரையை ஒரு துடுப்பால் தள்ளினாள்.

துடுப்பு வலிக்கிறவர்கள் போகும் பக்கத்துக்கு முதுகைக் காட்டித்தான் இருப்பார்கள். அவள் முகம் என் பக்கமே இருந்தது. நான் கையை ஆட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தாள், ஆனால் பதிலுக்குத் தலைகூட அசைக்கவில்லை. பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள், பார்த்தால் இம்மாகுலேற். விழாவுக்குப் பிறகு அவர் என்னோடு பேசியிருக்கவில்லை. நான் விளிம்பு வழியே இரண்டடி எடுத்து வைத்தேன், மகளைக் கூப்பிட வாயெடுத்தேன்.

“அசையாதேங்கோ, அக்கா,” என்றார், பிள்ளைகளுக்குச் சொல்லும் அதே குரலில். “கரையிலை ஒண்டைக் குறிவைச்சு, அதையே பாத்து வலிச்சால்தான் நேர விலகிப் போகலாம். அவள் உங்களைத்தான் குறிவைச்சிருக்கிறாள்.”

நின்றேன். ரோல்ஸ் பெட்டி கையில் சூடாக இருந்தது. துடுப்பு இரண்டும் சேர்ந்து இறங்கி, சேர்ந்து ஏறின. என் மகள் கண்ணை எடுக்காமல் என்னைப் பார்த்தபடி, கோடு கீறினது போல நேராகப் போய்க்கொண்டிருந்தாள்.