துண்டுப்பிரசுரத்தில் ஒரு கை

விடிய ஐந்து மணிக்கே கோலியர்ஸ் வுட்டில், கடைகளுக்கு இறைச்சி றோல்ஸ் பொரித்து அனுப்பும் கிச்சினில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. அவித்த கிழங்கை மசித்து மசித்துப் பெண்களுக்குத் தோள்மூட்டு கழன்றது. தவமலர் மட்டும் மூலையில் கடதாசி மடித்துக்கொண்டிருந்தாள். மாசி மாதம் இறைச்சி அரைக்கும் மெஷின் அவளுடைய இடக்கையில் இரண்டு விரல்களைத் தின்றுவிட்டது.

அவள் மடித்தது முதலாளி குலசேகரத்தின் தேர்தல் பிரசுரம். அகதியாக இந்த நாட்டுக்கு வந்தாராம், சட்டி கழுவினாராம். பாராளுமன்றம் போனதும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் பாதுகாப்பான வேலைத்தலம் தருவாராம். 

மெஷினின் வாய்க்கு ஓர் இரும்பு மூடி உண்டு. அதைப் போட்டு அரைத்தால் வேலை சுணங்குமென்று கழற்றி எறிந்தவரே அவர்தான். விசாரிக்க வந்த அதிகாரியிடம், அன்றைக்குத் தவமலர்தான் கழற்றினாள் என்று கூசாமல் சொன்னார். கூட வேலை செய்தவர்கள் குனிந்த தலை நிமிரவில்லை. விரல் போனதைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

ஆறு மணிக்குப் புதுக் கோட்டோடு குலசேகரம் வந்தார். முதலாளி என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது, அண்ணை என்றே சொல்லவேண்டும்.

"தங்கச்சி, அந்தக் கடிதத்தில சைன் வைச்சிட்டீரோ?"

"மூடியை நான்தான் கழட்டினனான் எண்டெல்லோ அண்ணை எழுதியிருக்கு?"

"சும்மா ஒரு கடதாசி. பின்னேரம் சேர்ச் ஹோலில கூட்டம், ஆரும் கேட்டால் காட்டவேணும். சைன் வைக்காட்டி நாளைக்கு வரவேண்டாம். மூண்டு விரலுக்கு ஆர் வேலை தருவினம்?"

சிரித்துக்கொண்டே போனார். தவமலர் பல்லைக் கடித்தாள். அடுத்த கட்டைப் பிரித்தபோது ஒரு பிரசுரம் பின்பக்கம் தெரிய விழுந்தது. ஏப்ரன் கட்டிய குலசேகரம், மெஷினுக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிறார். பொங்கலுக்கு முதல் கிழமை எடுத்த படம். படத்தின் ஓரத்தில், மெஷினின் வாய்க்குள் இறைச்சி தள்ளும் ஒரு பெண்ணின் இடக்கை. அதில் பச்சைக்கல் மோதிரம். ஐந்து விரலும் இருந்தன. மூடி இல்லை.

எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்ற றூபினியைக் கூப்பிட்டுக் காட்டினாள். றூபினி அடுப்பை அணைத்தாள்.

"அக்கா, இது உங்கட கையெல்லோ!"

"ஓம். மூடி எங்கையெண்டு பார்."

"அண்டைக்கு நாங்கள் வாய் திறந்திருக்கவேணும். பிள்ளையளின்ரை சோத்தை நினைச்சுப் பயந்திட்டம் அக்கா."

"அழாதை. பின்னேரம் வா, எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா. எட்டாயிரம் அடிச்சிருக்கிறார். ஒண்டும் கசங்காமல் மடிச்சுக் குடுப்பம், ஊர் முழுக்க அவரே குடுக்கட்டும்."

அன்று அவள் மடித்த நேர்த்தியில் ஒருவரும் மடித்திருக்கமாட்டார்கள்.

பின்னேரம் ஹோல் நிறைந்திருந்தது. "என்னட்டை வேலை செய்யிற ஆக்கள் என்ரை சகோதரங்கள். அவையின்ரை பாதுகாப்புத்தான் என்ரை முதல் கொள்கை," என்றார் குலசேகரம். கைதட்டல் ஓய்ந்ததும், கேள்வி உள்ளவர்கள் கையை உயர்த்தச் சொன்னார் கூட்டத்தை நடத்திய பாதர்.

தவமலர் எழுந்து இடக்கையை உயர்த்தினாள். பின்னால் கதிரைகள் இழுபட்டன. எண்ணெய் தெறித்த றூபினியின் கை உயர்ந்தது, அதற்குப் பின்னால் மா படிந்த கைகள் ஒவ்வொன்றாய் உயர்ந்தன. நாளைக்கு இவர்களில் எத்தனை பேருக்கு வேலை இருக்குமோ தெரியாது. ஒரு கையும் இறங்கவில்லை.

சைன் வைக்காத கடிதம் அவளுடைய பையில் இருந்தது. பிரசுரத்தை வலக்கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாக அவரை அப்படிக் கூப்பிட்டாள்.

"முதலாளி, இந்தப் படத்தில இருக்கிற என்ரை ரெண்டு விரலும் எங்கை?"