கொசுத்துப்பாக்கி

“கத்தியைக் குடு டாக்னி, இதெல்லாம் நீ பாக்க...”

“கையை எடு லைல்.”

“...பாக்க வேண்டியதில்லன்னு சொல்றேன். சுட்டவன் நான். சுட்டவன்தான் உரிக்கணும். எப்பவும் அதுதான வழக்கம்?”

“செத்தது என் புருஷன். எனக்கு வழக்கம் சொல்லிக்குடுக்காத. கையை எடு.”

லைல் எடுக்கவில்லை. கத்திப்பிடியைச் சுற்றி அவளுடைய முடக்குவாத விரல்கள், அவற்றின்மேல் அவனுடைய விரல்கள். இருவருக்கும் நடுவே நனைந்த புல்லில் கரடி ஒருக்களித்துக் கிடந்தது. முழுதும் வளராத ஆண். விலா எலும்புகள் தெரிந்தன.

சற்றுத் தள்ளி, ஆல்டர் புதர்களைப் பார்த்தபடி ஷாட்கன்னோடு நின்ற மாரென் திரும்பாமலே பேசினாள். “விடுங்க சித்தப்பா. அம்மா பிடிச்சதை எப்ப விட்டிருக்காங்க? சீக்கிரம் முடிங்க. இந்த வாசனைக்கு இன்னொண்ணு வந்துடும்.”

கொழுந்தன் விட்டான். டாக்னி மண்டியிட்டாள்.

காலையில் கோடியாக் நகரிலிருந்து ரேடியோவில் பேசிய அதிகாரி, பனிமூட்டம் விலகாமல் விமானம் எழும்பாது என்றார். அதுவரை ஓரினின் உடலைப் பூட்டி வையுங்கள், கரடியை மற்றக் கரடிகள் தின்னுமுன் தோலையும் தலையையும் எடுத்துவிடுங்கள், அவை அரசாங்கத்துக்குச் சேர வேண்டியவை என்றார். ஓரின் வலைக்கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தான். இரவு டாக்னியும் மாரெனும் அவனைத் துடைத்து, சுத்தமான சட்டை போட்டுவிட்டிருந்தார்கள்.

தோலோ தலையோ டாக்னிக்குப் பொருட்டில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். தான் வாங்கிக்கொடுத்த சின்னப் பிஸ்டல் அவனைச் சாகக் கொடுத்ததா, இல்லையா.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு ஓரினுக்குத் தோள்பட்டையைக் கிழித்துத் தைத்தார்கள். அதன்பிறகு நாற்பத்திநாலு என்கிற பெரிய ரிவால்வரின் கனம் அவனுக்கு ஆகவில்லை. கதவோரம் ஆணியில் மாட்டிவிட்டு வெறுங்கையோடு ஓடைக்குப் போவான். அவள் கத்திப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். கடைசியில் அவனுடைய பிறந்தநாளுக்கு உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பிஸ்டலை வாங்கி மேசையில் வைத்தாள். லைல்தான் அதை முதலில் எடுத்துத் தூக்கிப் பார்த்தான். “முன்னால இருக்கற இந்தக் குமிழை அரம் போட்டுத் தேய்ச்சுடு ஓரின். கரடி இதைப் பிடுங்கி உன் பின்னால சொருகும்போது வலி கம்மியா இருக்கும்.” எல்லோரும் சிரித்தார்கள். ஓரின்தான் அதிகம் சிரித்தான். சிரித்து முடித்து, “ஆணியில தொங்கற யானையை விடப் பையில இருக்கற கொசு மேல்” என்று அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து வீட்டில் அதன் பெயர் கொசு.

நேற்றிரவு முழுக்க லைல் அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னான். நாற்பத்திநாலு இருந்திருந்தால் இந்நேரம் ஓரின் மேசையில் உட்கார்ந்து வயிறார மீன் தின்றுகொண்டிருப்பான் என்றான். கரடிக்கு அந்தக் குண்டெல்லாம் கடுகு என்றான். சொல்லும்போது ஒருமுறைகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளைக் குத்த மனமில்லாமல் பார்க்காதிருக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். விடிந்ததும் ரைஃபிளை எடுத்துக்கொண்டு ரத்தத் தடத்தைப் பிடித்துத் தனியாகப் போனான். ஒரே ஒரு வெடி. விரிகுடா முழுக்க எதிரொலித்தது. திரும்பி வந்து, புதருக்குள் எழுந்து நின்று நேராகப் பாய்ந்தது, சாய்த்துவிட்டேன் என்றான்.

“முன்னங்காலைத் தூக்கிப் பிடி” என்றாள் டாக்னி.

மாரென் ஷாட்கன்னைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து பிடித்தாள். இழுத்தாள். “மடங்க மாட்டேங்குதும்மா. கட்டை மாதிரி இருக்கு.”

“குளிருல விறைச்சிருக்கும்” என்றான் லைல். இப்போது காவல் அவனுடையது.

டாக்னி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் புதரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பனியில் மான் உரித்தே கிழவியானவள். காலையில் சுட்டது இன்னும் மதியம்கூட ஆகாமல் இப்படி விறைத்து அவள் கண்டதில்லை. கத்தியை வைத்துத் தோலைக் கீறினாள்.

புதரில் சருகு நொறுங்கியது.

மூவரும் அசையவில்லை. லைலின் ரைஃபிள் தோளுக்கு ஏறியிருந்தது. கிளை ஒன்று தாழ்ந்து, நிமிர்ந்தது. மாரெனின் கை மெல்ல ஷாட்கன் பக்கம் போயிற்று. பிறகு செந்நிறத்தில் ஒரு நரி வெளியே தலைநீட்டி, மோந்து பார்த்துவிட்டு உள்ளே போனது. நரிதான் என்றாள் மாரென். லைல் வெகுநேரம் ரைஃபிளை இறக்கவில்லை.

தோளுக்குக் கீழே ரைஃபிள் குண்டு நுழைந்த இடத்துக்கு டாக்னி வந்து சேர்ந்தாள். தோலை உரித்து விலக்கினாள். உயிருள்ள உடம்பில் குண்டு பாய்ந்தால் சுற்றிலும் ரத்தம் கட்டி, சதை கறுத்துப் பழக்கூழ் மாதிரி ஆகிவிடும். அந்த இடத்தை வெட்டி எறியத்தான் வேண்டும். இங்கே சதை வெளுப்பாக, சுத்தமாக இருந்தது. கடையில் வாங்கிய இறைச்சியில் யாரோ குச்சியைக் குத்தி எடுத்த மாதிரி ஓர் ஓட்டை. சுண்டுவிரலை உள்ளே விட்டு எடுத்தாள். விரலில் ரத்தம் படவில்லை. இருந்தும் புல்லில் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பின்னால், விலாவில், சின்ன ஓட்டைகள் நான்கு. பென்சில் போகும் அகலம். ஒவ்வொன்றையும் சுற்றி உள்ளங்கை அளவுக்குக் கறுப்பு.

அவள் கத்தியைத் திருப்பி மார்பெலும்பின் கீழே வைத்தாள்.

“தோலுக்கு வயித்தைத் திறக்க வேண்டியதில்ல” என்றான் லைல்.

“தெரியும்.”

திறந்ததும் கட்டிகட்டியாகக் கறுத்த ரத்தம் புல்லில் சரிந்தது. நிற்காமல் வந்தது. மாரென் பூட்ஸைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். எதிர்ப்பக்க விலாவின் உட்புறத்தில் ஏதோ உருண்டையாகத் தட்டுப்பட, டாக்னி கட்டைவிரலால் அழுத்தி வெளியே எடுத்தாள். நசுங்கிய ஒரு சின்னக் குண்டு. காட்டுப்பழம் ஒன்றின் அளவுகூட இல்லை.

மாரென் குனிந்து பார்த்தாள். “இது அப்பா சுட்டது.” ஓட்டைகளை மறுபடி பார்த்தாள். “நாலும் ஒரு கை அகலத்துக்குள்ள இருக்கும்மா. மேல விழுந்து கடிக்குது, அப்பவும் கை தவறல. கொசுதான் கொன்னிருக்கு சித்தப்பா.”

“கொல்றது வேற, நிறுத்தறது வேற” என்றான் லைல். “மெதுவாக் கொன்னு என்ன புண்ணியம்? அது சாகறதுக்குள்ள அவனை முடிச்சிருச்சே.”

அதில் பொய் இல்லை. ஆனாலும் நேற்றிலிருந்து முதல் தடவையாக டாக்னிக்கு மூச்சு முழுசாக உள்ளே போயிற்று. கடுகில்லை. அவள் கொடுத்தது கடுகில்லை.

மாரென் நிறுத்தவில்லை. சின்ன வயதிலிருந்தே எதையும் பாதியில் விடத் தெரியாத பெண். “முடிச்சிருந்தா பெல்ட்டை யார் கட்டினது?” என்றாள்.

உடலைத் துடைக்கும்போது அவளும் டாக்னியும் அதைப் பார்த்திருந்தார்கள். தொடைக் காயத்துக்கு மேலே ஓரினின் பெல்ட், அதற்குள் ஒரு குச்சியைச் செருகி முறுக்கியிருந்தது. இழுபறியில் சுற்றிக்கொண்டிருக்கும் என்று லைல் அப்போது சொல்லியிருந்தான்.

“கரடி விட்டுட்டுப் போயிருக்கு. அப்பா பெல்ட்டைக் கழட்டி, குச்சி தேடி எடுத்து, முறுக்கி, மரத்துல சாஞ்சு உக்காந்திருக்கார். வீட்டுப் பாதையைப் பாத்து உக்காந்திருந்தார்னு நீங்கதான சொன்னீங்க?” அவள் லைலைப் பார்த்தாள். “அவ்வளவு நேரம் இருந்திருக்கு. வெடிச் சத்தம் வீட்டுக்குக் கேக்கலையா?”

“ஓடை இரைச்சல்” என்றான் லைல். “ஒண்ணும் கேக்கல.”

டாக்னி கத்தியைப் புல்லில் துடைத்தாள். ஒரு பக்கம், பிறகு மறுபக்கம்.

கேட்டது. வலையைப் பார்க்கப் போனால் ஒருவர் மீனுக்கு, ஒருவர் துப்பாக்கிக்கு. இந்த ஓடையோரம் குடிசை போட்ட நாளிலிருந்து அதுதான் பழக்கம். நேற்றுக் காலை மாரென் வீட்டில் இல்லை. லைல் காப்பியைக் குடித்துவிட்டு வருகிறேன் என்றான். ஓரின் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். துணைக்குத்தான் கொசு இருக்கே, நீ மெதுவா வா என்று சொல்லிவிட்டு வாளியோடு இறங்கிப் போனான். கொஞ்ச நேரத்தில் அது கேட்டது. அடுப்பில் ஈர விறகு வெடிக்கிற மாதிரி, டப்பென்று ஒன்று, பிறகு அடுத்தடுத்து. நாற்பத்திநாலு முழங்கியிருந்தால் இருவரும் வெறுங்காலோடு ஓடியிருப்பார்கள். லைல் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டான். “உன் கொசு பாடுது டாக்னி. டப்பாவை வச்சுக் குறி பாக்கறான்போல.” அவள் சிரித்தாள். சிரித்தது இப்போதும் கன்னத்தில் இருக்கிறது. காப்பிப் பாத்திரம் மறுபடி அவன் கோப்பைமேல் சாய்ந்ததும், ஆவி எழுந்ததும், அவன் கோப்பையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டதும் நினைவிருக்கிறது.

“அம்மா” என்றாள் மாரென். “உங்களுக்கும் கேக்கலையா?”

“உப்பு எடுத்துட்டு வா. தோல் கெட்டுடும்.”

மாரென் அம்மாவைப் பார்த்தாள். சித்தப்பாவைப் பார்த்தாள். ஷாட்கன்னை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு பாதையில் ஏறிப் போனாள். அவளுடைய பூட்ஸ் சத்தம் தேய்ந்தது.

“செத்ததைச் சுட்டிருக்க” என்றாள் டாக்னி.

லைல் ரைஃபிளை மரத்தில் சாய்த்தான். கரடியின் தலைமாட்டில் உட்கார்ந்தான். “அங்க வாயைத் திறந்துட்டுக் கிடந்துச்சு. எதையாவது சுடணும்போல இருந்துச்சு” என்றான்.

அவள் தலையசைத்தாள். விரிகுடாப் பக்கம் பனிமூட்டம் கிழிந்து, தண்ணீர் ஓர் இடத்தில் மட்டும் பளபளத்தது. வெகு தொலைவில் விமானத்தின் இரைச்சல் மாதிரி ஒன்று கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. வருகிறவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்பார். அதற்கு முன்னால் உப்போடு மாரென் வந்துவிடுவாள்.

டாக்னி உள்ளங்கையைத் திறந்தாள். குண்டு அங்கேயே இருந்தது, அவள் சூட்டில் வெதுவெதுத்து. மூடிக்கொண்டாள்.

“அந்த ரெண்டாவது காப்பியை நீ கேட்டியா லைல், இல்ல நானா ஊத்தினேனா?”