பதிமூன்று கடைகளின் துக்கம்

ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது அண்ணன் போய்விட்ட செய்தி வந்தது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு "சரி" என்றாள். மீதிப் பாதியையும் தூக்கினாள்.

பேசியது அண்ணன் மகன். விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் போய்விட்டாராம். கஷ்டப்படவில்லையாம். அதைக் கேட்டதும் அவளுக்குச் சுருக்கென்றது. கொஞ்சமாவது கஷ்டப்பட்டிருக்கலாம். இப்படி நினைப்பது பாவம் என்று தெரியும்; தெரிந்துதான் நினைத்தாள். உள்ளே போய் விளக்குகளைப் போட்டாள். கரண்ட் பில்லுக்குப் பயந்து வழக்கமாக ஒன்றுதான் எரியும். இன்று நான்கையும் போட்டாள். அலமாரிகளில் பனியன்களும் சாக்ஸ்களும் துண்டுகளும் விசேஷ வீடு மாதிரி பளிச்சென்று தெரிந்தன.

நகரத்தின் நட்ட நடுவில் இருக்கும் வணிக வளாகம் அது. நீளமான ஒரு நடை, மேலே அழுக்கேறிய கண்ணாடிக் கூரை, இரண்டு பக்கமும் ஏழேழு கடைகள். அவற்றில் பதிமூன்று கடைகள் வருஷக்கணக்கில் மூடிக் கிடந்தன. பதினாலாவது இவளுடையது. காலிக் கடைகளைக் கணக்கெடுக்க நகரசபையிலிருந்து அவ்வப்போது ஒரு பெண் வருவாள். அவள் வைத்திருக்கும் வரைபடத்தில் காலியென்றால் சிவப்பு, ஆள் இருந்தால் பச்சை. "இங்க உங்க கடை மட்டும்தான் மேடம் பச்சை" என்று போன முறை ஏதோ பரிசு கொடுப்பதுபோலச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஊரில் வியாபாரம் படுத்துவிட்டது, எல்லாரும் போனிலேயே வாங்கிவிடுகிறார்கள் என்று காரணம் சொல்லுவார்கள். மற்ற தெருக்களுக்கு அது சரியாக இருக்கலாம். இங்கே காரணம் அண்ணன். வாடகையில் ஒரு பைசா குறைக்க மாட்டார். "ஒருத்தனுக்குக் குறைச்சா கட்டிடத்தோட மதிப்பே இறங்கிடும். காலியாக் கிடந்தாலும் கிடக்கட்டும்" என்பார். பொம்மைக் கடைக்காரர் காலில் விழாத குறையாகக் கேட்டுப் பார்த்தார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஆள் வைத்துப் பேசினார். ஷூ கடைக்காரர் பேசவே இல்லை, கடையைக் கொடுத்துவிட்டு இதே வளாகத்துக்குக் காவலாளியாகச் சேர்ந்துவிட்டார். ஒவ்வொரு கடையும் மூடும்போது ஒரு சாவி அண்ணன் இடுப்பில் ஏறும். சாவிக்கொத்து என்றுதான் ஊரில் அவருக்குப் பெயர். சொந்தப் பெயர் வங்கிக்காரர்களுக்குத்தான் தெரியும்.

இவளுடைய கடைக்கு மட்டும் வாடகை கிடையாது. அப்பா விட்டுப்போனதைப் பிரித்தபோது கட்டிடம் அண்ணனுக்கு, ஒரு கடை இவளுக்கு என்று ஆனது. கூடவே ஒரு நிபந்தனை. அவளே உட்கார்ந்து நடத்தும்வரை கடை அவளுடையது. வேலை நாளில் ஒருநாள் மூடிக் கிடந்தாலும் அண்ணனுக்குத் திரும்பிவிடும். "சும்மா ஒரு பேச்சுக்குத்தான் எழுதியிருக்கு" என்றார் அண்ணன். கூடப் பிறந்தவர் ஆயிற்றே என்று கையெழுத்துப் போட்டாள். அன்றிலிருந்து காய்ச்சலோடு திறந்தாள், கால் பிசகியபோது கட்டுப் போட்டுக்கொண்டு திறந்தாள். கணவர் சாப்பாட்டைக் கடைக்கே கொண்டுவந்து கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அவளோடு சாப்பிடுவார். "முதலாளியம்மா, கை கழுவத் தண்ணி" என்று கிண்டல் பண்ணுவார்.

கணவர் இறந்த அன்று அண்ணன் வந்தார். பூ வைத்தார். கூடத்தில் கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவளின் பக்கம் குனிந்தார். ஆறுதல் சொல்லத்தான் குனிகிறார் என்று அவளும் முகத்தை நிமிர்த்தினாள்.

"கடை திறந்திருக்கா?" என்றார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"இன்னைக்கு வேலை நாள். ஞாபகப்படுத்தினேன், அவ்வளவுதான்."

அவள் எழுந்து ஓடினாள். ஷட்டரைத் தூக்கி, விளக்கைப் போட்டு, யாரோ ஒரு பெண்ணுக்கு ஒரு ஜோடி சாக்ஸ் விற்றுவிட்டு, திறந்த கடையை அப்படியே போட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்தபோது கூடம் காலியாக இருந்தது. நேரமாகிவிட்டதாம். "எடுங்க, அவ இப்ப வரமாட்டா" என்று சொன்னது அண்ணன்தான் என்று பிறகு தெரிந்தது. கணவர் முகத்தைக் கடைசியாக ஒருமுறை அவள் பார்க்கவில்லை. அந்த ஒன்றை மட்டும் அவள் யாருக்கும் மன்னிப்பதாக இல்லை.

இன்று பத்து மணிவாக்கில் அண்ணன் மகன் வந்தான். கூட இரண்டு ஆட்கள் ஒரு பெரிய பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து வளாகத்தின் வாசலில் கட்ட ஆரம்பித்தார்கள். அவன் கண்கள் வீங்கியிருந்தன. தூங்காத வீக்கமா அழுத வீக்கமா என்று அவளுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை.

"அத்தை, பன்னெண்டு மணிக்கு அப்பாவை இந்த வழியாத்தான் கொண்டு வர்றோம். வாசல்ல அஞ்சு நிமிஷம் வண்டி நிக்கும். வியாபாரிகள் சங்கத் தலைவர் ரெண்டு வார்த்தை பேசுவார். அப்பாவோட ஆசை அது."

"ஆசைப்படட்டும்."

"தாத்தா போனப்ப எல்லாக் கடையும் அடைச்சாங்களாமே. தன் சாவுக்கும் அப்படி எல்லா ஷட்டரும் இறங்கணும்னு அப்பா சொல்லிட்டே இருப்பார்."

உண்மைதான். அப்பா போனபோது யாரும் யாரையும் கேட்கவில்லை. பொம்மைக் கடை ஷட்டர் முதலில் இறங்கியது, பிறகு ஒவ்வொன்றாக இறங்கின. உள்ளே நின்றிருந்த வாடிக்கையாளர்களை வெளியே அனுப்பிவிட்டு அழுதுகொண்டே அடைத்தார்கள். அண்ணன் அன்று அழவில்லை. ஷட்டர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் அந்த அஞ்சு நிமிஷம் மூடணும் அத்தை."

"வேலை நாள்ல மூடினா கடை போயிடும். உங்கப்பா போட்ட கண்டிஷன்."

"அப்பாவே போயிட்டார். இனிமே யார் வந்து கேக்கப் போறா?"

"நீ கேப்பே."

அவன் இல்லை என்று சொல்லவில்லை. கட்டிடத்தை மொத்தமாக வாங்க ஒரு கம்பெனி தயாராக இருந்தது. ஒரு ஆள்கூட உள்ளே இருக்கக் கூடாது என்பது அவர்கள் கேட்டது. ஊருக்கே தெரிந்த விஷயம்.

"வேணும்னா எழுதித் தர்றேன்."

"எழுதினதை நம்பினதாலதாண்டா இங்க உக்காந்திருக்கேன்."

அவனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. அப்பாவைப் போலவே மூக்கைச் சுருக்கினான். "சரி, விடுங்க. உங்க கடை உள்ள தள்ளி மூலையில இருக்கு, வாசல்ல நிக்கிறவங்க கண்ணுல படாது. மத்ததெல்லாம் மூடித்தானே கிடக்கு. பாக்கிறவங்க துக்கத்துக்கு அடைச்சதுன்னுதான் நினைப்பாங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவள் எழுந்து வாசலுக்கு நடந்தாள். பலகையில் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே கொட்டை எழுத்தில், "எங்கள் உரிமையாளரின் மறைவுக்காக இவ்வளாகத்தின் அனைத்துக் கடைகளும் இன்று அடைக்கப்பட்டுள்ளன" என்றிருந்தது.

அவள் இரண்டு தடவை படித்தாள். கடை திறந்திருந்தால் போதும், அவர் கண்டிஷனாலேயே அவர் மூக்கை அறுக்கலாம் என்று நினைத்திருந்தாள். மனிதர் செத்தும் முந்திக்கொண்டார். பொம்மைக் கடைக்காரர் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரைவிட்டே போனது இன்றைக்கு அவருக்கு மரியாதை ஆகிவிட்டது. விரட்டியதெல்லாம் மாலையாக வந்து அவர் கழுத்தில் விழப்போகிறது. நாளைக்கு ஊர் பேசும், எவ்வளவு நல்ல மனுஷன், ஒரு கடைகூடத் திறக்கலையே என்று.

காவலாளி படிக்கட்டுக்கு அடியில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எலித்தொல்லை பார்க்க வாரம் ஒருமுறை எல்லாக் கடைகளையும் திறந்து மூடுவது அவர் வேலை. ஆகவே மாற்றுச் சாவிகள் அவரிடம்தான் இருந்தன.

"ஷூக்காரரே, சாவியெல்லாம் குடுங்க."

"எதுக்கு அக்கா?"

"பலகையைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"படிச்சுமா எதுக்குன்னு கேக்கறீங்க?"

"வேலை போயிடும் அக்கா."

"கட்டிடத்தையே விக்கப் போறாங்க. வேலை மட்டும் இங்கயே உக்காந்திருக்குமா?"

அவர் சட்டைப்பையிலிருந்து சாவிகளை எடுத்தார். ஒன்றை மட்டும் வளையத்திலிருந்து கழற்றித் தன் கையில் வைத்துக்கொண்டார். "என் கடையை நானே திறந்துக்கறேன்" என்றார். பிறகு எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

பன்னிரண்டு மணிக்குள் எல்லாப் பூட்டுகளையும் கழற்றிவிட்டார்கள். ஷட்டர்களைத் தொடவில்லை. அவை இறங்கியபடியே இருந்தன, துக்கத்தோடு.

வண்டி வந்து வாசலில் நின்றது. பின்னால் கார்கள், நல்ல சட்டைகள், வங்கிக்காரர்கள், கட்டிடம் வாங்க வந்த கம்பெனியின் ஆட்கள். போகிற வருகிறவர்களும் நின்றார்கள். சங்கத் தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவருக்கு நல்ல குரல். கூரை வரைக்கும் கேட்டது.

"ஒரு மனிதர் எப்படி வாழ்ந்தார் என்பதை அவர் போகும்போது பார்க்க வேண்டும். இதோ பாருங்கள், இத்தனை கடைகள். ஒரு கடை, ஒரே ஒரு கடைகூட இன்றைக்கு..."

கடைக்கோடியில் அவள் முதல் ஷட்டரைத் தூக்கினாள். துருப்பிடித்த தகரம் அலறிக்கொண்டு ஏறியது. எதிர்ப்பக்கத்தில் ஷூக்காரர் அடுத்ததைத் தூக்கினார். தலைவர் நிறுத்தினார். எல்லாரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அவளும் ஷூக்காரரும் நிறுத்தவில்லை. பின்னாலிருந்து முன்னால், ஒன்றன்பின் ஒன்றாக, சத்தம் கூட்டத்தை நோக்கி வந்தது. அவளுக்குத் தோள்பட்டை விட்டுப்போனது. ஆனால் உடம்பெல்லாம் இனித்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு இனிப்பை அவள் கண்டதில்லை.

திறந்த கடைகளில் ஒன்றுமே இல்லை. தூசியும் எலிப் புழுக்கையும் இருந்தன. கடிகாரக் கடைச் சுவரில் கடிகாரங்கள் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெளுப்பாக, வட்ட வட்டமாகத் தெரிந்தன. கண்ணாடிக் கடையில் எழுத்துகள் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் அட்டை ஒரு ஆணியில் தொங்கியது. ஷூக்காரர் தன் கடையைத் திறந்துவிட்டு அதன் உள்ளேயே நின்றுவிட்டார். ஷூ போட்டுப் பார்க்கத் தரையோடு பதித்த பழைய கண்ணாடியில் வாசலில் நிற்பவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன, எல்லாம் பளபளப்பான செருப்புகளும் ஷூக்களும்.

"இதெல்லாம் எப்ப காலி பண்ணாங்க?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"எப்பவோ. ஆளே இல்லாத கடைக்கு அடைப்பு!" என்றது இன்னொரு குரல்.

ஒருவர் சிரித்துவிட்டார். சாவுக்கு வந்த இடத்தில் சிரிப்பு வந்தால் அடக்குவது கஷ்டம். அடக்க அடக்க இன்னும் இரண்டு பேருக்குத் தொற்றிக்கொண்டது. சங்கத் தலைவரின் முகத்தில் ஈயாடவில்லை. பலகையைப் பார்த்தார், கடைகளைப் பார்த்தார், "ஆகவே, அன்னாரின் ஆன்மா..." என்று எதையோ முணுமுணுத்துவிட்டுப் பின்னால் ஒதுங்கினார்.

கடைசி ஷட்டர் வாசலை ஒட்டிய பொம்மைக் கடையுடையது. அதைத் தூக்கிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு திரும்பினாள். நேர் எதிரே வண்டியின் கண்ணாடி. அவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. உள்ளே அண்ணன்.

பார்க்கக் கூடாது என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பார்க்கத் துடித்த முகம் கிடைக்கவில்லை. வேண்டாம் என்றிருந்த முகம் ஒரு கை தூரத்தில் கிடக்கிறது. சின்னதாகப் போயிருந்தார். சட்டையின் மேல் பொத்தானை மாட்டிவிட்டிருந்தார்கள். அதை அவர் ஒருநாளும் போட்டதில்லை. பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே, தெருமுனை திரும்பியதும் "கழட்டிவிடு, மூச்சு முட்டுது" என்று இவளிடம் கழுத்தை நீட்டுவார். இவளுடைய சின்ன விரல்களுக்குத்தான் அந்தப் பொத்தான் கழலும்.

அவள் கை கண்ணாடிவரை போயிருந்தது. கண்ணாடி சில்லென்று இருந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

விறுவிறுவென்று நடந்து தன் கடைக்கு வந்து கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பின்னாலேயே காலடிச் சத்தம் வந்தது. அண்ணன் மகன். வரட்டும், கத்தட்டும் என்று முதுகை நிமிர்த்திக்கொண்டாள். இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பதில்களெல்லாம் நாக்கின் நுனிக்கு வந்தன.

அவன் கத்தவில்லை. கல்லா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகமெல்லாம் நனைந்து, மூக்கு ஒழுகியது. சட்டைக் கையால் துடைத்துத் துடைத்து அதுவும் ஈரமாகிவிட்டிருந்தது. நல்ல சட்டை.

"அத்தை," என்றான். "ஒரு கர்ச்சீஃப் வேணும்."

அவள் கீழ் இழுப்பறையிலிருந்து அட்டைப் பெட்டியை எடுத்தாள். இரண்டை உருவி மேஜையில் விரித்தாள்.

"வெள்ளையா, கட்டம் போட்டதா?"

அவன் இரண்டையும் பார்த்தான். எந்தக் கடையிலும் இவ்வளவு நேரம் யாரும் கைக்குட்டையைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவள் அவசரப்படுத்தவில்லை. வெளியே வண்டி கிளம்புவதற்காக ஹாரன் அடித்தது.

"வெள்ளை."

அவள் அதை மடித்து உறைக்குள் போடப் போனாள்.

"வேண்டாம் அத்தை, அப்படியே குடுங்க."

வாங்கி முகத்தில் அழுத்திக்கொண்டு, நடையின் இரண்டு பக்கமும் திறந்து கிடந்த கடைகளுக்கு நடுவே வேகமாக நடந்து போனான். வண்டி நகரும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

அவள் கட்டம் போட்டதை எடுத்து நான்காக மடித்தாள். பெட்டியை மூடினாள். கைக்குட்டையைப் பெட்டிக்குள் வைக்கவில்லை, தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.