பக்கத்து வீட்டுக் கோடி

மூர்த்தி கதவைச் சாத்தப் போனபோது குமரேசன் காலை நடுவில் வைத்தான்.

"அண்ணா, ஒரு பொடவதான். நீ வரவாணாம். உன் பேரச் சொல்லி நானே எடுத்துனு போய்ப் போடறேன். சரின்னு மட்டும் சொல்லு."

"எங்க வூட்ல பொண்ணே பொறக்கல. கால எடு."

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனுஷன். மூர்த்தியின் அக்கா ரேணுகாம்பாள் வேறு சாதி லாரி டிரைவரோடு போய் இருபத்தொன்பது வருஷம் ஆகிறது. அந்த அவமானத்தில்தான் அப்பா போய்ச்சேர்ந்தார் என்பது அவன் கட்சி. குமரேசன் காலை எடுத்துக்கொண்டான். கதவு சாத்திக்கொண்டது.

நேற்று மாலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டாள். வேங்கிக்காலில், புருஷன் வீட்டில், உடல் காத்திருக்கிறது. சுமங்கலியாகப் போகிறவள்மேல் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை விழாவிட்டால், நாதியற்றவள் என்று நாலு பேர் சொல்லத்தான் சொல்வார்கள். பௌர்ணமி வேறு. நாலு மணிக்கு மேல் கிரிவலக் கூட்டத்துக்காக வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். இப்போதே இரண்டரை.

கடைத்தெருவில் புடவை எடுத்துக்கொண்டு வண்டியை விரட்டினான்.

அவன் சிறுவனாக இருந்தபோது அம்மா கடலை மில்லுக்குப் போய்விடுவாள். பள்ளிக்கூடம் விட்டால் அவனுக்குப் பக்கத்து வீட்டு ரேணு அக்காதான் எல்லாம். இரண்டாம் வகுப்பில் ஒரு நாள் டிராயரிலேயே போய்விட்டு, சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றான். அவள்தான் யாருக்கும் தெரியாமல் கழுவிவிட்டு, மூர்த்தியின் தொளதொள டிராயரை மாட்டி, அரைஞாண் கயிற்றில் முடிந்து கூட்டிவந்தாள். அவன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அடுத்த வருஷம் அவள் ஓடிப்போனபோது, இஸ்திரிக் கடைக்கு என்று சொல்லி அவள் துணிப்பையைப் பஸ் ஸ்டாண்டுவரை தலையில் சுமந்தவன் இவன். மூர்த்தி அறைந்ததில் உதடு கிழிந்தும் வாய் திறக்காத கல்லுளிமங்கன்.

வேங்கிக்காலில் உடலைக் குளிப்பாட்டிப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். புருஷன் காசி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அவர் யாரோடும் பேசவில்லையாம். அவருடைய பெரியப்பா மண்ணாங்கட்டிக் கிழவர்தான் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார்.

"நேரமாவுது. பொறந்த வூட்டுக் கோடி வருதா, இல்லையா?"

குமரேசன் புடவைத் தட்டோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "வந்துருக்குது தாத்தா."

"நீ யாருப்பா? தம்பியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. பொய் நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. அவள் முகத்துக்கு நேரே நின்று அதைச் சொல்ல முடியவில்லை.

"பொறந்த வூட்டுக்குப் பக்கத்து வூடு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கிழவரின் கை தட்டின்மேல் குறுக்கே வந்து நின்றது.

"முறைன்னு ஒண்ணு இருக்குதுப்பா. பக்கத்து வூட்டுக்காரன்லாம் கோடி போட்டா ஊரு இன்னா பேசும்? அதுக்குப் போடாமயே எடுத்துடலாம்." ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். "தூக்குங்கடா."

இரண்டு பேர் குனிந்தார்கள். குமரேசன் தட்டை விடவில்லை, நகரவும் இல்லை.

"வுடுங்க பெரிப்பா." காசியின் குரல் கரகரத்தது.

"உனக்கொண்ணும் தெரியாது காசி."

"தெரியும். அன்னிக்கு அவ தெருவுலேர்ந்து அவளக் கொண்டாந்து வுட்டது இந்தப் பையன் ஒருத்தன்தான். வேற யாரும் வர்ல. அவனே போடட்டும்."

மண்ணாங்கட்டி கையை எடுத்துக்கொண்டார்.

குமரேசன் புடவையைப் பிரித்துப் போர்த்தினான். கால்பக்கம் கோணலாக விழுந்தது. அதை இழுத்துவிடும்போதுதான் அழுகை வந்தது. அடக்காமல் அழுதான்.

சுடுகாட்டிலிருந்து அவன் திரும்பியபோது தெரு முழுக்கக் கிரிவலக் கூட்டம். மூர்த்தி தன் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். குமரேசன் தாண்டிப் போனான்.

"இன்னா கலரு?" என்றான் மூர்த்தி.

"மாம்பழக் கலரு. செகப்பு பார்டரு."

மூர்த்தி உள்ளே போய்விட்டான்.

சாவுக்குப் போய்வந்தவன் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது. குமரேசன் பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போய்த் தொட்டியில் சொம்பை விட்டான். மதிலுக்கு அந்தப் பக்கம், மூர்த்தி வீட்டுப் பின்கட்டில், தண்ணீர் சத்தம் கேட்டது. சோப்புப் போடக்கூட நிறுத்தாமல், சொம்பு சொம்பாக யாரோ தலையில் ஊற்றிக்கொள்ளும் சத்தம்.

குமரேசன் தன் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, அது நிற்கும்வரை காத்திருந்தான்.